காலைச் சுற்றிய ரன்னிங் லைன்

இன்றைக்கும் முட்டிக்கு மேல் தண்ணீர் ஏறினால் நான் கரைக்குத் திரும்பிவிடுவேன். காரணம், என் மனைவியின் தம்பி.

பாசிர் கூடாங் துறைமுகப் பட்டணத்தில் அவனுக்கு ஷிப்டு வேலை. ஓய்வு நாளில் என்னோடு ஆற்று முகத்துவாரத்துக்கு வருவான். பூச்சி போலக் கட்டிய இறகு இரையை வீசிப் பிடிக்கும் ஃபிளை தூண்டிலில் இரண்டு பேரும் பைத்தியங்கள். தூரம் வீச ஷூட்டிங் ஹெட்தான் கட்டுவோம். முன்னால் கனமான குட்டை வடம், பின்னால் மெல்லிய ரன்னிங் லைன். வடம் பறக்கும்போது லைனையும் இழுத்துக்கொண்டு போகும். திரும்ப இழுக்கும் லைனை எங்கே போடுவது என்பதுதான் தலைவலி. நான் துணிக்கூடை ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு அதில் சுருள் சுருளாக விடுவேன்.

"என்னா மாமா, துணி காயப்போட வந்தீங்களா?" என்று கிண்டலடிப்பான். அவன் லைனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவான். கடல் நீர் வற்றி இறங்கும்போது பரவாயில்லை. ஓட்டம் அதைக் கடல் பக்கம் நீட்டி வைத்திருக்கும். நீர் ஏறும்போது அத்தனையும் திரும்பி வந்து காலில் சுற்றும். எத்தனையோ தடவை சொன்னேன். கேட்டால்தானே!

அன்று காலை நீர் இடுப்பைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

"போலாம்டா, போதும்."

"இன்னும் ஒரு வீச்சு, மாமா."

அந்த வீச்சில்தான் மீன் கடித்தது. அது பாய்ந்து ஓட, கிடந்த சுருள்கள் அவனுடைய இரண்டு கால்களையும், பக்கத்தில் சேற்றில் புதைந்திருந்த பழைய மீன்பொறிக் கம்பத்தையும் சேர்த்து இறுக்கிவிட்டன.

"அலமாக்! மாமா, கால் வரமாட்டுது!"

அவனுக்கு நீச்சல் தெரியாது. திமிறத் திமிறச் சேற்றில் இறங்கினான். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அவனிடம் போனேன். கழுத்தில் தொங்கிய, தூண்டில் நரம்பு நறுக்கும் குட்டி வெட்டியால் முதலில் மீன் இழுத்த லைனை அறுத்தேன். மீன் போய்விட்டது, சிக்கு போகவில்லை.

மூழ்கினேன். கலங்கல் நீரில் ஒன்றும் தெரியவில்லை. தடவித் தடவி வெட்டினேன். ஒன்றை அறுத்தால் விரலில் இன்னொன்று தட்டுப்பட்டது. பாழாய்ப்போன லைன்! மூச்சு வாங்க மேலே வந்தபோது தண்ணீர் அவன் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"பயமா இருக்கு, மாமா."

"வாய மூடுடா, தண்ணி உள்ள போயிரும்!"

எனக்கு அவனைவிடப் பயம். தண்ணீரை நினைத்து அல்ல. தனியாக வீட்டுக்குப் போய் அவன் அக்காவிடம் என்ன சொல்வேன்? மறுபடி மூழ்கினேன். கையில் வெட்டி வழுக்கியது. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெட்டினேன்.

கடைசிச் சுருள் அறுந்ததும் அவன் என்மேல் சரிந்தான். சட்டைக் காலரைப் பிடித்துக் கரைவரை இழுத்து வந்தேன். காரில் வீட்டுக்கு வந்தோம். வாசலில், "அக்காகிட்ட சொல்லாதீங்க லா" என்றான்.

அவள் கதவைத் திறந்தாள். சொட்டச் சொட்ட நின்றோம்.

"உன் தம்பியக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"பின்ன, அங்கயே விட்டுட்டா வருவீங்க?" என்று சிரித்தாள்.