இழுவை

என்னிடம் இருந்தது ஒரு பழைய டீசல் லாரி. பின்னால் சின்ன கிரேன் வைத்து, வழியில் நின்றுபோகும் வண்டிகளைக் கட்டி இழுத்து வருவதுதான் என் பிழைப்பு. கடலூர் சிப்காட்டிலிருந்து சிதம்பரம் வரை எந்தப் பள்ளத்தில் எந்த வண்டி கிடந்தாலும் எனக்குத்தான் போன் வரும். 2008 வாக்கில் அந்தப் போன் குறைய ஆரம்பித்தது. பாண்டிச்சேரியிலிருந்து புது வண்டிகள் வந்துவிட்டன. நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் இழுத்துக்கொண்டு எதிரே வருவார்கள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

என் மனைவியின் தம்பி லாரியில் முந்திரி ஏற்றுகிறவன். தன் வண்டிக்கு டர்போ போட்ட நாளிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை.

"மாமா, உன் வண்டி சரியான இழுவை. டர்போ போடு, பறக்கும்."

அறுவைப் பேச்சுக்கும் முடியாத கதைக்கும் இழுவை என்றுதானே பெயர். கல்யாணப் பந்தியில்கூட எல்லார் முன்னாலும் சொல்வான். என் மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். அதுதான் சுட்டது.

ரோஷத்தில் ஒருநாள் வண்டியைப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினேன். மெக்கானிக் பானட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இஞ்சின் பிரிச்சு எத்தினி வருஷமாச்சு?"

"வாங்கி பதினோரு வருஷம். பிரிச்சதே இல்ல."

அவர் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "டர்போ போடலாம். ஆனா பவர் ஜாஸ்தியானா கிளட்ச் தாங்காது, அதையும் மாத்தணும். அப்புறம் கியர் பாக்ஸ். அப்புறம் பிரேக்கு."

"அப்ப என் வண்டில மிச்சம் என்னாதான் இருக்கும்?"

"ஆர்சி புக்கு இருக்கும்."

பானட்டை நானே மூடினேன். தொழில் குறைந்தால் குறையட்டும். ஒருநாளும் என்னை நடுரோட்டில் நிறுத்தாத இஞ்சினை, எவனோ கேலி பேசினான் என்று பிரித்துப்போட நான் என்ன கிறுக்கனா? நேரே பெயிண்டரிடம் போனேன். மற்றவர்கள் குலசாமி பெயர் எழுதுகிற இடத்தில், முன்கண்ணாடிக்கு மேலே, மஞ்சளில் கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னேன்: இழுவை.

"கூட எதனா போடட்டா?" என்றார்.

"அது போதும்."

தம்பியின் கேலியை ஊரறிய எழுதி அவனை அசிங்கப்படுத்திவிட்டதாக மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. போனும் ஒன்றும் கூடிவிடவில்லை. ஆனாலும் அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குஷியாக இருந்தது.

அடுத்த முந்திரி சீசனில் ஒரு மத்தியானம் மச்சானிடமிருந்து போன். புதுச்சத்திரம் தாண்டி முழு லோடோடு நிற்கிறானாம். கிளட்ச் கருகிவிட்டது. லோடு வண்டி என்றதும் பாண்டிச்சேரிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்களாம்.

"மாமா, வண்டிய எடுத்துக்கினு வாயேன்."

"எந்த வண்டி?"

மெல்ல வந்தது பதில்.

"இழுவைய."

"வர நேரமாவுமே மச்சான். பரவால்லியா?"

"ஆவட்டும் மாமா."

அன்று கடலூரிலிருந்து புதுச்சத்திரம் வரை மூன்றாவது கியரை நான் தாண்டவில்லை. வேண்டுமென்றேதான்.