படம் உங்களுக்கு, சத்தம் எனக்கு

என் கண் போன பிறகு என் கணவர் நேர்முக வர்ணனையாளராகிவிட்டார். யாரும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. அவராகவே சேர்ந்துகொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் குடும்பமாக உட்கார்ந்து படம் பார்ப்பது எங்கள் வெகுநாள் வழக்கம். மகளும் மருமகனும் ஊரின் கிழக்கே இருக்கும் தெம்பனிசிலிருந்து வருவார்கள். வரும் வழியில் பரோட்டாவும் மட்டன் குழம்பும் வாங்கி வருவார்கள். படம் ஆரம்பித்த உடனே இவரும் ஆரம்பித்துவிடுவார்.

"இப்ப அவன் கார்லேர்ந்து எறங்குறான். கதவச் சாத்துறான். நடந்து போறான்."

கார்க் கதவு சாத்திய சத்தம் எனக்கு முன்பே கேட்டுவிட்டது. செருப்புச் சத்தமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்காமல் போனது ஒன்றே ஒன்று, நடந்துகொண்டே அவன் பேசிய பேச்சு.

"இப்ப அந்தப் பொண்ணு அழுவுது."

"அழுவுறது கேக்குதுங்க. எதுக்கு அழுவுதுன்னுதான் தெரியல. நீங்க பேசுனதுல அது போயிருச்சு."

"சரி சரி, கோவப்படாத," என்பார். கொஞ்ச நேரம் வாயைத் திறக்க மாட்டார். பிறகு தாங்க முடியாமல், மெதுவாக, "மழை பெய்யுது," என்பார்.

எனக்குக் கண் அழுத்த நோய். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டே வந்து, இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. அதற்கு முன் பல வருஷம் மருத்துவமனையில் தாதியாக இருந்தேன், கடைசியில் ஒரு வார்டையே என் பொறுப்பில் வைத்திருந்தேன். படுத்திருப்பவரிடம் நேராகப் பேசு, கூட வந்தவரிடம் பேசாதே என்று புதிதாக வரும் பிள்ளைகளை விரட்டு விரட்டென்று விரட்டியிருக்கிறேன். இப்போது காப்பிக் கடைக்குப் போனால் கடைக்காரர் என் கணவரைப் பார்த்து, "அம்மாவுக்குச் சீனி போடலாமா?" என்று கேட்கிறார். "அம்மாவையே கேளுங்க, அம்மா இங்கதான் உக்காந்துருக்காங்க," என்று நான் சொல்வேன். சொல்லும்போது என் குரல் இனிமையாக இருக்காது. இருக்க வேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை.

மகள் எனக்கு ஒரு ரேடியோ வாங்கி வந்தாள். பெரிய பொத்தான்கள், நல்ல சத்தம். படுக்கையறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "மா, இது உங்களுக்கு வசதியா இருக்கும் லா. படுத்துக்கிட்டே கேக்கலாம்," என்றாள்.

"ஹால்ல நீங்கள்லாம் படம் பாப்பீங்க. நான் இங்க ரேடியோ கேக்கணுமா?"

"அப்படி இல்லம்மா..."

அப்படித்தான். ரேடியோவின் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. காலையில் செய்தி கேட்க வைத்துக்கொண்டேன். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் நான் ஹாலை விட்டு நகரவில்லை. எனக்கு வேண்டியது பெரிய விஷயம் எதுவும் இல்லை. என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, என் குடும்பத்தோடு ஒரு படத்தை முதலிலிருந்து கடைசிவரை நானாகவே புரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

அப்புறம் ஒருமுறை, "இன்னிக்குப் படம் வேணாம், சும்மா பேசிக்கிட்டு இருக்கலாம்," என்றார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். எனக்குக்கூட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என் கணவர் போனில் மகளிடம், "அந்த க்ளைமாக்ஸ்ல ஏமாத்திட்டான் பாத்தியா," என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. விசாரித்தேன். எனக்குத் தெரியாமல் வார நாட்களில் தெம்பனிசில் மகள் வீட்டில் படம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இவர் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதாம். சர்க்கரை வியாதிக்காரர் வந்தால் லட்டுத் தட்டைத் துணி போட்டு மூடுவதில்லையா, அதைப் போல.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

கோபத்தில் ஒரு நல்லது உண்டு, சும்மா உட்கார விடாது. என் கைப்பேசி திரையில் இருப்பதை எனக்கு வாசித்துக் காட்டும். படத்தின் சத்தத்தை நேராக என் காதுக்குக் கொண்டுவர வழி உண்டா என்று, அதைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் தேடினேன். எங்கள் டிவியில் ஹெட்போன் சொருகுவதற்குத் துளையே கிடையாது. மருமகன் முன்பு கொண்டு வந்து கொடுத்த கம்பியில்லாத ஹெட்போனில் ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு தடவை வந்தது, முதலில் டிவியில், பிறகு என் காதில். தலை சுற்றியதுதான் மிச்சம். தேடத் தேட வேறு ஒன்று கிடைத்தது. டிவிக்குப் படம் அனுப்புகிற பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில் வைக்கிற சின்ன அடாப்டர். பெட்டியிலிருந்து ஒரே கேபிளில் படமும் சத்தமும் சேர்ந்து வருகின்றன. இந்த அடாப்டர் படத்தையும் சத்தத்தையும் டிவிக்கு அப்படியே விட்டுவிட்டு, சத்தத்தை மட்டும் தனியாகவும் உருவி இன்னொரு துளை வழியாகக் கொடுக்கும். அதில் என் கம்பி ஹெட்போனைச் சொருகிக்கொள்ளலாம். இதைக் கைப்பேசி வாசித்து முடித்ததும் நான் சத்தமாகச் சிரித்தேன். படம் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். என் பங்கைப் பிரித்துக் கொடுக்க ஒரு சாமான் இருக்கிறது.

இவர் கீழே காப்பி குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கிளம்பினேன். ஈசூனில் ரயில் ஏறி, நியூட்டனில் மாறி, அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. வழி எனக்குப் பழக்கம்தான். மேலே வந்து, பூக்கடை வாசனை வரும் இடத்தில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கினேன். அதற்குள் யாரோ ஒரு நல்ல மனிதர் என் முழங்கையைப் பிடித்து, "வாங்க வாங்க," என்று ரோட்டைத் தாண்ட வைத்துவிட்டார்.

"நான் ரோட்டத் தாண்டுறதுக்கு நிக்கலங்க," என்றேன் அந்தப் பக்கம் போன பிறகு.

"ஐயோ! அப்ப ஏன் நின்னீங்க?"

"நிக்கணும்னு தோணுச்சு, நின்னேன்."

திரும்ப நானே தாண்டி வந்தேன்.

சந்துக்குள் இருந்த மின்சாதனக் கடைக்காரர் தமிழ் முஸ்லிம், குரலை வைத்துப் பார்த்தால் என் வயதுதான் இருக்கும். எனக்கு வேண்டியதைச் சொன்னேன். பெட்டிகளை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. கண்ணு தெரியாதவங்களுக்கு டிவி சாமான் எதுக்கு?"

அவர் கேட்டதில் எனக்குக் கோபம் வரவில்லை. மற்றவர்கள் மனசுக்குள் நினைப்பதை இவர் வாயால் கேட்டார், என் முகத்துக்கு நேராகக் கேட்டார். "எனக்குப் படம் வேணாங்க. அதுல பேசுறாங்கள்ல, அந்தப் பேச்சு வேணும்," என்றேன்.

"அட, நியாயம்தானே," என்று சொல்லிவிட்டு அடாப்டரை என் கையில் வைத்தார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. எது உள்ளே வரும் வழி, எது டிவிக்குப் போகும் வழி, ஹெட்போன் துளை எங்கே என்று என் விரலைப் பிடிக்காமல், வாயால் சொல்லிச் சொல்லியே காட்டினார். பக்கவாட்டில் நகத்தால் நகர்த்தும் அளவுக்கு ஒரு குட்டி சுவிட்ச் தட்டுப்பட்டது. "அது என்னமோம்மா, அதத் தொடாதீங்க. கம்பெனி வச்சபடியே இருக்கட்டும்," என்றார்.

வீட்டுக்கு வந்து நானே மாட்டினேன். கேபிள்களைத் தொட்டுத் தொட்டுப் பிடுங்கினேன், சொருகினேன். பின்னால் நின்றுகொண்டு என் கணவர், "ஷாக் அடிக்கப் போவுது," "மருமவன் வரட்டும்," "எதுக்கு உனக்கு இதெல்லாம்," என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை வந்தது. மருமகன் ஒரு படத்தைப் போட்டார். நான் ஹெட்போனை மாட்டினேன். காற்று கேட்டது. கப்பல் ஹாரன் கேட்டது. பாட்டு இரண்டு காதிலும் அவ்வளவு தெளிவாக வந்தது. ஆனால் ஒருத்தரும் பேசவில்லை. கதவு திறக்கிறது, கண்ணாடி டம்ளர் மேஜையில் வைக்கப்படுகிறது, நாற்காலி இழுபடுகிறது, ஆனால் மனிதக் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போல மங்கலாகக் கேட்கிறது. எனக்கு எது வேண்டும் என்று சந்துக் கடை வரை போனேனோ, அது ஒன்றுதான் வரவில்லை.

"பேச்சே கேக்கல," என்றேன்.

"எங்களுக்குக் கேக்குதே. ஒங் காதுலயும் ஏதோ ஆயிருச்சு போல," என்றார் என் கணவர்.

"எங் காதப் பத்திப் பேசாதீங்க!"

மகள் என் தோளில் கை வைத்து, "விடுங்கம்மா. நாளைக்கு நான் போய் ரிட்டர்ன் பண்ணிடறேன் லா," என்றாள். அந்தக் குரலில் இருந்த இரக்கத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. "திருப்பிக் குடுக்க மாட்டேன்," என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் முழுக்கக் கைப்பேசியோடு உட்கார்ந்தேன். என் காதில் ஒரு கோளாறும் இல்லை. எங்கள் பெட்டி சத்தத்தை ஆறாகப் பிரித்து அனுப்புகிறது. வீட்டைத் தியேட்டர் மாதிரி வைத்திருப்பவர்களுக்காக இடது, வலது, நடு, பின்பக்கம் இரண்டு, அதிர்வுக்கு ஒன்று என்று தனித்தனியாக வருகிறது. பேசுவதெல்லாம் பெரும்பாலும் அந்த நடுவில்தான் வரும். அடாப்டர் என் ஹெட்போனுக்கு இடதையும் வலதையும் மட்டும் கொடுத்துவிட்டு நடுவைக் கைவிட்டிருக்கிறது. இரண்டு காதுக்கு மட்டும் அனுப்பு என்று பெட்டியிடம் சொல்லிவிட்டால் அது ஆறையும் இரண்டுக்குள் கலந்து அனுப்பிவிடும். அப்படிச் சொல்வதற்காக வைத்ததுதான் அந்தக் குட்டி சுவிட்ச்.

தொடாதே என்று சொல்லப்பட்ட சுவிட்ச். கண் போன நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தையும் அதுதான். அடுப்பைத் தொடாதே, கத்தியைத் தொடாதே. நகத்தால் ஒரு தள்ளு தள்ளினேன். எல்லாவற்றையும் அணைத்துத் திரும்பப் போட்டேன். ஒரு பெண் என் காதுக்குள், "யார் அது?" என்று கேட்டாள்.

"நான்தான்," என்றேன் அவளிடம். ஹாலில் அப்போது வேறு யாரும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு துப்பறியும் படம். ஹெட்போனை மாட்டுவதற்கு முன் என் கணவரிடம் பக்குவமாகவே சொன்னேன். "நீங்க எனக்காகப் பேசுறீங்க, தெரியுது. உங்க பேச்சு எனக்குப் பிடிக்கும். படம் முடிஞ்சு எவ்வளவு வேணாலும் பேசுங்க. நடுவுல வேணாம்." சோபாவின் அந்த மூலையில் அவர் நகர்ந்து உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது. மனசு சுருங்கிவிட்டது அவருக்கு. அதற்காக நான் ஹெட்போனைக் கழற்றவில்லை.

கதை எளிமையானதுதான். பெரிய வீடு, அண்ணன், தம்பி, சொத்து. ஒரு நாள் தம்பி செத்துக் கிடக்கிறான். கொலைகாரன் யாரென்று தெரியவில்லை. அவன் அடிக்கடி போன் செய்து மிரட்டுவான், குரலை மாற்றிக் கட்டைக் குரலில் பேசுவான். பேசுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் தொண்டையை லேசாகச் செருமிக்கொள்வான். அந்தச் செருமல் என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. படத்தின் ஆரம்பத்தில் தம்பியின் சவத்துக்கு முன்னால் அழுவதற்கு முன்பும் ஒருத்தன் அப்படித்தான் செருமினான்.

"அண்ணன்காரன்தான்," என்றேன்.

என் கணவர் சிரித்துவிட்டார். ஹெட்போனைத் தாண்டி எனக்குக் கேட்கவேண்டும் என்றே குரலை உயர்த்தினார். "மூஞ்சியே காட்டலம்மா. வெறும் நெழலுதான் தெரியுது. அண்ணன் ஒல்லி, இவன் நல்ல தடியன். கண்ணால பாக்குற எங்களுக்கே தெரியல, நீ சொல்றியா?"

"மாமா..." என்றார் மருமகன்.

என் கணவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் போய் எங்கே தைத்தது என்று எனக்குத்தான் தெரியும். நான் சத்தத்தை ஒரு படி கூட்டி வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தேன்.

படம் முடியப் போகிற நேரம். போலீஸ் ஒரு கிடங்குக்குள் நுழைகிறது. ஓட்டம், மூச்சு, ஏதோ தகரம் சரிந்து விழுகிறது. இசை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. விளக்கு போடும் 'டக்' கேட்டது. அதற்கு மேல் படத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. முகத்தைக் காட்டுகிறார்கள் போல. காட்டினால் எனக்கு என்ன தெரியும்?

ஹெட்போனைக் கழற்றினேன். மகள் மூச்சை இழுத்துப் பிடித்தது மட்டும் கேட்டது. கார்க் கதவையும் மழையையும் ஒன்றுவிடாமல் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், சோபாவின் அந்த மூலையில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க," என்றேன். "யாருங்க அது?"

சோபாவில் அவர் அசைந்து உட்கார்ந்தார்.

"இதச் சொல்றதுக்கு மட்டும் வாய் வரலயா? சொல்லுங்க, நான் கேக்குறேன். இப்பதான் எனக்கு வர்ணனை வேணும்."

என்னவோ முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்க."

"அண்ணன்தான்," என்றார்.