வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கடைக்குப் போனால்கூடப் பக்கத்தில் நிற்பவர் கேட்டு முடித்த பிறகுதான் வாய் திறப்பேன். பத்திரிகைக்கு எழுத எனக்கென்ன தகுதி என்று பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் மன்னித்துவிடுங்கள்.

போன வருஷம், மழை ஓய்ந்த சமயம் நடந்தது இது. திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகிற பக்கம், புதிதாக மனை போட்ட இடத்தில் எங்கள் வீடு. சுற்றிலும் கல் நட்ட காலி மனைகள், அதைத் தாண்டினால் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லை. கணவர் இறந்த பின் நான் மட்டும்தான் இருக்கிறேன். சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பதால் பிழைப்புக்குக் குறையில்லை. பயம்தான் குறை. பக்கத்து மனையில் இருந்த தண்ணீர் மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போனதும், விழுப்புரத்தில் இருக்கும் என் அண்ணன் வந்து கறாராகச் சொல்லிவிட்டார்.

“வூட்டப் பூட்டிக்கினு எங்கூட கெளம்பு. இல்லன்னா நல்ல ஜாதி நாயா ஒண்ணு வாங்கிக் கட்டு. பொங்கலுக்குள்ள ரெண்டுல ஒண்ணு நடக்கணும்.”

அண்ணி நல்லவர்தான். ஆனாலும் அது அவருடைய வீடு. என் வீட்டில் நான் இருக்க வேண்டுமென்றால் எனக்கு நாய் வேண்டும்.

அண்ணனே விசாரித்து, திண்டிவனத்தில் நாய்க்குட்டி விற்கும் ஒருவரின் வீட்டுக்கு அனுப்பினார். மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குள் கூண்டுகள் இருந்தன போலிருக்கிறது. அங்கிருந்து ஒரே சத்தம். மேலே யாரையும் விடமாட்டாராம். கீழேயே ஒரு லாப்ரடார் குட்டியையும் அதன் தாய் என்று ஒரு பெரிய நாயையும் கொண்டுவந்து காட்டினார். குட்டி பஞ்சு மாதிரி இருந்தது. அவர் என்னைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கூச்ச சுபாவம் உள்ள எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

ஆனால் அந்தத் தாய் நாயின் மடி வற்றி, வயிறு ஒட்டிக் கிடந்தது. பிறந்த வீட்டில் கறவை மாடு வைத்திருந்தோம். சந்தையில் மாடு வாங்கும்போது அப்பா முதலில் கன்றைத்தான் அவிழ்த்துவிடச் சொல்வார். வேறு கன்றை ஜோடி சேர்த்து, புதிதாக ஈன்ற மாடு என்று விற்பவர்கள் உண்டு. சொந்தக் கன்றென்றால் மாடு நக்கும், இல்லையென்றால் உதைக்கும். அந்த ஞாபகத்தில், “குட்டியக் கொஞ்சம் கீழ வுடுங்களேன்” என்றேன்.

அவர் முகம் மாறியது. “பால் மறந்த குட்டிங்க அது. நீங்க மாடு வாங்க வந்தீங்களா, நாய் வாங்க வந்தீங்களா?” என்றார். அதற்குள் குட்டி கையிலிருந்து நழுவி அந்த நாயிடம் போனது. நாய் பல்லைக் காட்டி உறுமியது. குட்டி ஓடிவந்து அவர் காலடியில் ஒண்டிக்கொண்டது.

“அண்ணனக் கேட்டுச் சொல்றேன்” என்று நழுவி வந்துவிட்டேன். தாயையே மாற்றிக் காட்டுகிறவர் வேறு எதைத்தான் மாற்றமாட்டார்?

பிறகு, துணி கொடுக்க வரும் டீச்சர் ஒருவர் சொல்லி, விழுப்புரத்துக்கு வெளியே தெருநாய்களை மீட்டு வைத்திருக்கும் காப்பகத்துக்குப் போனேன். அங்கே ஒரு செவலைப் பெட்டை நாய். ஒரு காது பாதி அறுந்திருந்தது. அது நேராக வந்து என் சேலையை ஒட்டி உட்கார்ந்துகொண்டது. மனசு அங்கேயே நின்றுவிட்டது.

ஆனால் அங்கிருந்த பெண் கேட்ட கேள்விகள் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், எந்த நேரத்தில் வெளியே போவீர்கள், கேட் எவ்வளவு உயரம், பின்பக்கம் கதவு உண்டா? திருட வருகிறவன் நோட்டம் விடும்போது கேட்பதெல்லாம் இவைதானே? போதாததற்கு, வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வருவோம் என்றாள். “எங்க அண்ணனும் கூடத்தாம்மா இருக்காரு” என்று சொல்லிவைத்தேன்.

ஆண் துணை இல்லாதது தெரியக் கூடாதென்று எங்கள் பக்கம் தனியாக இருக்கும் பெண்கள் வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பைப் போட்டு வைப்பார்கள். நானும் கணவருடைய செருப்பைப் போட்டிருந்தேன். அந்த ஞாயிறு அவர் சட்டையையும் லுங்கியையும் நனைத்துக் கொடியில் காயப்போட்டேன்.

அதே பெண் இன்னொருத்தியுடன் ஸ்கூட்டரில் வந்தாள். கேட்டுக்கு உள்ளே விட்டேன், வீட்டுக்குள் விடவில்லை. இருவரும் கொடியைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள், தங்களுக்குள் என்னவோ கிசுகிசுத்தார்கள். நான் அண்ணன் நம்பரை எடுத்துப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

“ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த நாய உங்களுக்குக் குடுக்க முடியாது” என்றாள். “ஒரு ஆளு கம்பியால அடிச்சித்தான் அது காது அப்பிடி ஆச்சு. ஆம்பளைங்க இருக்கற வூட்டுக்கு அத அனுப்பறதில்ல. வேற நாய் பாக்கலாம்.”

கையிலிருந்த போனைக் கீழே வைத்தேன். கடைசியில், “இங்க ஆம்பள யாரும் இல்லம்மா. நான் மட்டுந்தான்” என்றேன்.

இப்போது அவர்கள் முகத்தில் சந்தேகம். “அன்னைக்கி அண்ணன் இருக்காருன்னீங்க. அந்தச் சட்ட யாருது? நாய் வேணும்னு இப்பிடிச் சொல்றீங்களா?”

என்ன சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தது. யாரை வாசற்படி தாண்ட விடக் கூடாதென்று நினைத்தேனோ, அவர்களையே உள்ளே கூப்பிட்டு எல்லா அறைகளையும் திறந்து காட்டினேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. மாலை போட்ட படத்தில் அதே சட்டையில் என் கணவர். இருவரும் வெளியே வந்தார்கள். இன்னொருத்தி குனிந்து செருப்பைப் புரட்டினாள்.

“இதுக்குள்ள பூச்சி கூடு கட்டிக்கினு குடும்பம் நடத்துது ஆன்ட்டி. எந்தத் திருடன் இத நம்புவான்?” என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது.

அன்று சாயங்காலமே நாயைக் கொண்டுவந்து விட்டார்கள்.

சந்தேகப்பட்டது தப்பென்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். தனியாக இருப்பவளுக்கு அதுவும் ஒரு தாழ்ப்பாள். ஆனால், ஒன்றுமே கேட்காதவரிடம் நிம்மதியாக நின்றதையும், துருவித் துருவிக் கேட்டவளைத் திருடியாக்கியதையும் நினைத்தால், யாராவது என்னை விசாரிக்கும்போது அது எதற்காக என்று ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்க்கிறேன்.

மறுநாள் அண்ணன் வந்தார். நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டு, அவர் டீ குடித்து முடித்துக் கேட்டைத் தாண்டும்வரை குரைத்துக்கொண்டே இருந்தது. வீட்டைப் பூட்டும் பேச்சை அவர் எடுக்கவில்லை.