செய்தி நேரத்துப் பொறி

எல்லையில் சண்டை நடந்த ஆண்டு. சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த மாமா, எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு விடுமுறையில் வந்தபோது, செம்புத் தகடு ஒட்டிய அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். வேண்டாத செம்பை நீக்கி, மின்சாரம் ஓடும் பாதைகளை மட்டும் விட்டுவைத்தால் அதன்மேல் டிரான்சிஸ்டர் ரேடியோ கட்டலாம். அமிலத்தில் கரைப்பதுதான் வழக்கம். தங்கை தவழும் வீட்டில் அமிலமா என்று அம்மா மறுத்துவிட்டாள்.

அமிலத்துக்குப் பதிலாக மாமா நெருப்பைக் கூப்பிட்டார். அழைப்பு மணியின் சுத்தியலில் கிராமபோன் ஊசியைக் கட்டி, லாரி பேட்டரியோடு இணைத்து, மண்ணெண்ணெயில் மூழ்கிய அட்டைமேல் துடிக்கவிட்டார். ஊசி தொடும், விலகும். விலகும்போதெல்லாம் ஒரு நீலப்பொறி; பொறிக்கு ஒரு தூசளவு செம்பு இரை. எண்ணெய்க்குள் காற்றில்லை, தீப்பிடிக்காது என்று அம்மாவைத் தேற்றினார்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் மகன் பட்டாளத்தில் இருந்தார். மாலைச் செய்திக்குப் பெரியம்மா ரேடியோவை விட்டு நகரமாட்டார். எங்கள் பொறி அவர் ரேடியோவில் இரைச்சலாய்ப் போய் விழுந்தது.

"யப்பா இன்ஜினியரு! அங்க எம்புள்ள சண்டையில நிக்கிறான். நீ இங்க சேதி சொல்றவன் கழுத்த நெரிக்கிற!"

மாமா அன்றே அந்த நேரத்தில் ஊசியை நிறுத்திக்கொண்டார்.

சில நாள் கழித்துக் கிணற்றடியில் பெரியம்மாவின் மருமகள் என்னிடம் வந்து நின்றாள். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

"சேதி கேட்டா அத்தை சோத்துல கைய வெக்கிறதில்ல தம்பி. வெறும் தண்ணிதான். அந்த நேரத்துல உங்க மிஷினப் போட்டுவுடுங்க."

"திட்டுவாங்களேக்கா."

"திட்டுறதுக்காவது தெம்பு வரட்டும்."

மாமாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து மாலையானால் ஊசி துடித்தது. பெரியம்மா திட்டினார். திட்டிக் களைத்து, ரேடியோவை முறைத்து, கடைசியில் தட்டின்முன் உட்கார்ந்தார். அட்டையில் வேலை முடிந்தும் மாமா நிறுத்தவில்லை. விட்டுவைத்த பாதைகள்மேலேயே ஊசியை இறக்கினார். தன் ரேடியோவைத் தானே பொறிக்குத் தின்னக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. பக்கத்து வீட்டில் இழப்பதற்கு வேறென்ன இருந்தது என்று அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

வேலி இடுக்கில் பார்த்தேன். பெரியம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பரிமாறி முடித்த அக்கா, ரேடியோவின் பக்கம் தலையைச் சாய்த்து, அந்தக் கரகரப்புக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். இரைச்சலில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பெரியம்மாவின் மகன்தான் அக்காவின் கணவர் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் தோன்றவில்லை.