பரமேசக்காவின் சுவர்க்கடை

1. எனாமல் தீர்ந்த காலம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வராமல் அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டபோது கோப்பாயில் நான் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். எனாமல் பெயின்ற் இல்லை, தின்னர் இல்லை. கடைகளில் சாமானே இல்லாதபோது பலகை யாருக்கு வேண்டும்? சும்மா இருந்து பழக்கமில்லாதவன் நான். வீட்டில் சண்டைதான் மிச்சம்.

ஒரு நாள் பெரிய வீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த பரமேசக்கா ஆள் அனுப்பினார். புருசன் செத்தபின் தனியாளாகக் கடை நடத்தியவர். வாய் பெரிது, மனமும் பெரிது. கடைத் தட்டுகளில் உப்பும் பனங்கட்டியும் மட்டும் இருந்தன. வீதிப்பக்கச் சுவரைக் காட்டிப் படம் வரையச் சொன்னார்.

"தம்பி, இதிலை எனக்கொரு கடை கீறித் தாரும். தடை செய்த சாமான் ஒண்டும் குறையக்கூடாது."

"ஏனக்கா, விசர் பிடிச்சிட்டுதே?"

"ஓம், விசர்தான். இல்லை இல்லையெண்டு அழுது அலுத்துப்போச்சு. என்ன இல்லையெண்டு ரோட்டாலை போறவை எல்லாரும் பாக்கட்டும்."

சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தேன். சிவப்புக்கு எங்கள் தோட்டத்துச் செம்மண், கறுப்புக்குச் செத்த ரோச் பற்றறியின் கரி, மஞ்சளுக்குக் குசினி மஞ்சள். எல்லாவற்றையும் வேப்பம் பிசினில் குழைத்தேன். முதலில் மஞ்சள் சவர்க்காரக் கட்டி ஒன்றை அழகாக வரைந்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் சவர்க்காரம் இரத்தச் சிவப்பாக நிற்கிறது. கடைக் கிணற்றில் தண்ணீர் அள்ள வந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சுண்ணாம்பிலை மஞ்சள் பட்டால் சிவக்குமெண்டு தெரியாதோ? உங்கடை கலியாணத்துக்கு ஆராத்தி கரைக்கேல்லையோ?"

எனாமல் பிடித்த கைக்கு ஆராத்தி எங்கே நினைவு வரும்! சிவப்புச் சவர்க்காரமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

2. வாடிக்கையாளர்கள்

மண்ணெண்ணெய், மெழுகுதிரி, பற்றறி, சீமெந்து என்று சுவர் நிறைந்தது. போகிற வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். "அக்கா, அரைப் போத்தில் மண்ணெண்ணெய் தாங்கோ" என்று பகிடி விடுவார்கள். "இப்பதான் முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ" என்பார் பரமேசக்கா.

பிறகு பகிடி போய், ஆளுக்கொரு சாமானைக் கீறச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். ஒருவருக்குப் பள்ளிக்கூடக் கொப்பி, ஒருவருக்குச் சைக்கிள் வால்வ் ரியூப், ஒருவருக்குப் பால்மா. நான் எழுதிய பலகை ஒன்றின் முன்னாலும் சனம் இப்படி நின்றதில்லை.

இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஒரு பெண் ஒருநாள் வந்து பரமேசக்காவின் காதில் ஏதோ சொன்னார். அக்கா என்னிடம் திரும்பினார்.

"பொம்பிளையளுக்கு மாதாமாதம் தேவைப்படுற பெட்டி. அதுவும் தடைதானே? கீறும்."

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் மறுக்கவில்லை. சுவரின் நட்டநடுவில்தான் இடம் மிச்சமிருந்தது, அங்கேயே கீறினேன்.

3. மனேச்சர்

அடுத்த நாளே கோயில் மனேச்சர் வந்துவிட்டார். கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசும் வேலையை எனக்குத் தருகிறவர் அவர். எனக்கிருந்த ஒரே வருமானம் அதுதான்.

"சாமி வாற வீதியிலை தீட்டுத் துடக்குச் சாமானைக் கீறி வைச்சிருக்கிறீர். திருவிழாவுக்கு முன்னம் அதிலை சுண்ணாம்பைப் பூசும். இல்லாட்டில் வாகன வேலைக்கு வேறை ஆள் பாப்பன்."

 பரமேசக்கா படியிறங்கி வந்தார்.

"அழியுங்கோ மனேச்சர். ஆனால் சாமி வரேக்கை இந்த வீதியிலை ஒரு படலையிலையும் நிறைகுடம் இராது."

சாமி வீதியுலா வரும்போது வீட்டு வாசல் படலைக்குப் படலை நிறைகுடம் வைத்து வரவேற்பது பெண்கள். அது இல்லாமல் சாமி போனால் ஊரே சிரிக்கும்.

"ஒருத்தரும் வையாட்டிலும் என்ரை படலையிலை இருக்கும்!" என்று கத்திவிட்டு மனேச்சர் போனார். நான் சுண்ணாம்பு வாளியைத் தொடவில்லை.

திருவிழாவன்று மாலை, எதிர்ப்பக்கத்தில் இருந்த மனேச்சரின் படலையைத் தவிர வேறு ஒரு படலையிலும் நிறைகுடம் இல்லை. மற்ற நிறைகுடங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குக் கீழே, சுவரோரமாக வரிசையாக இருந்தன. மேளச்சத்தம் கிட்ட வந்த நேரத்தில் மனேச்சரின் மனைவி தன் நிறைகுடத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீதியைக் கடந்து வந்தார். ஒருவரையும் பார்க்காமல் அதை வரிசையின் நடுவில் வைத்தார்.

சாமி அங்கே நின்றது. ஐயர் தீபம் காட்டினார். மனேச்சர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.  

வாகன வேலை எனக்குக் கிடைக்கவில்லை. போகட்டும். தூரிகை பிடிக்க வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எல்லாருக்கும் பிடித்ததைக் கீறினால் கூலி வரும், கேட்க வாயில்லாதவருக்காகக் கீறினால்தான் வேலை செய்தோம் என்ற நிறைவு வரும்.

எங்கள் தொழிலில் வேலை முடிந்தால் மூலையில் சின்னதாகப் பெயர் போடுவது வழக்கம். அந்தச் சுவரில் பயத்தில் போடாமல் விட்டிருந்தேன். திருவிழாவுக்கு அடுத்த நாள் காலை போய், அந்தப் பெட்டிக்குக் கீழே போட்டேன். வீதிக்கு அந்தப் பக்கம் நின்றே வாசிக்கலாம்.