படமரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே

என் வீட்டுக்காரர் தறியில் உட்காரும்போது இடது காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொள்வார். வலது காது எனக்கு. நான் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே. ஏதோ சினிமாப் பாட்டு ஓடுகிறது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் கைகழுவப் போன நேரத்தில் எடுத்துக் கேட்டால், யாரோ ஒருவர் சாந்தமான தமிழில் பழைய கிரேக்க, ரோமாபுரி ஞானிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். ஆரணியில், அதுவும் சேவூர்ப் பக்கம் பட்டு நெய்கிறவருக்கு ரோமாபுரியில் என்ன வேலை என்று எனக்குச் சிரிப்பு தாளவில்லை. தெருவில் விஷயம் பரவி, 'ரோமாபுரியார்' என்று அவருக்குப் பட்டப்பெயரே விழுந்துவிட்டது.

சிரித்தேனே தவிர, அந்த ஞானிகளுக்கு நான் நன்றி சொல்லவும் வேண்டும். கல்யாணமான புதிதில் இவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருந்தது. சோறு குழைந்தால் தட்டு பறக்கும். அப்படிப்பட்டவர் ஒருநாள் கடையிலிருந்து அமைதியாகத் திரும்பி வந்தார். நெய்து கொண்டுபோன புடவையில் பிசிறு இருக்கிறது என்று முதலாளி நாலு பேர் எதிரில் திட்டியிருக்கிறார். நான் தட்டையெல்லாம் எடுத்து மறைக்காத குறை. அவரோ, "அந்தாளு பேசறது அந்தாளு கையில, நான் கோவப்படறது என் கையில. நம்ம கையில இல்லாததுக்கு இன்னாத்துக்கு மே பேஜாரு?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். என்னை அவர் 'மே' என்றுதான் கூப்பிடுவார். அன்று அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குப் பசியே தெரியவில்லை.

ஆனால் கிறுக்கும் கூடவே வந்தது. மார்கழியில் பச்சைத் தண்ணீரில் குளிப்பார், உடம்பைப் பழக்குகிறாராம். ஊரே பட்டில் வந்து நிற்கிற கல்யாணத்துக்குச் சாயம் போன சட்டையில் வருவார், கௌரவம் பார்க்கிற மனதைப் பழக்குகிறாராம். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். காலையில் டீ குடிக்கும்போது என்னையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தார், அதுதான் பொறுக்கவில்லை. "இன்னாங்க அப்பிடிப் பாக்கறீங்க?" என்று கேட்டேன். "நீ செத்துப் பூட்ட மாரி நெனச்சிப் பாக்கறேன். அப்பறம் நீ எதிர்ல இருக்கறது எவ்ளோ பெருசுன்னு தெரியுது" என்றார். விடிந்ததும் விடியாததுமாக இப்படி ஒரு பேச்சா! உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, டீ ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். "அதே மாரி நீயும் நான் இல்லன்னு..." என்று தொடங்கியவரின் வாயை என் கையாலேயே பொத்தினேன்.

நெய்த துணியைச் சுருட்டுகிற மரத்துக்குப் படமரம் என்று பெயர். நெசவாளியின் வயிறு நாள் முழுக்க அதில் அழுந்திக்கொண்டே இருக்கும். அதனால் மரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்வார்கள். வயிறு வலிக்கிறது என்றால் எங்கள் தெருவில் யாரும் டாக்டரைத் தேட மாட்டார்கள், இன்னொரு துண்டைத் தேடுவார்கள். இவரும் தேடினார். ஒரு துண்டு இரண்டானது, பிறகு என் பழைய புடவை ஒன்றும் அதோடு சேர்ந்தது. முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. காதில் ரோமாபுரி ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் அந்த மடிப்பின் மேலேயே கவிழ்ந்தார். பக்கத்து வீட்டு ஆட்டோவில் வேலூருக்குக் கொண்டுபோனோம்.

"எவ்ளோ நாளா வலி இருக்குது?" என்று டாக்டர் அவரைக் கேட்டார். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "ரொம்ப நாளாங்க" என்றார். வயிற்றில் புற்றுநோய், நன்றாக முற்றிவிட்டது, இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். என் ஆத்திரம் அடங்கவில்லை. சாகப்போகிற மனிதரிடம் சண்டை போட்டவள் நான்தான். "வலி உங்க கையில இல்ல, சரிங்க. எங்கிட்ட சொல்றது யார் கையில இருந்துச்சு? ஆஸ்பத்திரிக்கு வர்றது யார் கையில இருந்துச்சு?" என்று கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அது தோணவே இல்ல மே" என்றார், குழந்தை மாதிரி. "தாங்கிகினா போதும்னு நெனச்சிட்டேன்."

அதன் பிறகும் தாங்கிக்கொண்டுதான் இருந்தார். யார் வந்து கேட்டாலும் "ஒண்ணும் இல்லீங்க" என்பார். கடைசி வாரத்தில் ஒரு காலையில் நான் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். "வலிக்குது மே" என்றார். "ரொம்ப வலிக்குது." வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த மனிதர் முழுசாக எனக்குக் கிடைத்தார். கிடைத்து இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தார்.

அவர் போன பிறகு அந்தப் பேச்சுகளை நானும் கேட்டேன், சண்டை பிடிப்பதற்காகவே கேட்டேன். அந்த ஞானிகள் வலியை மறைக்கச் சொன்னதாக எங்கேயும் வரவில்லை. கையில் இல்லாததை விடு, கையில் இருப்பதைச் செய் என்கிறார்கள். இவர் முதல் பாதியை நன்றாகப் படித்துவிட்டார். யாரைக் குற்றம் சொல்வது? நான் இல்லாத வீட்டை அவர் காலைதோறும் நினைத்துப் பழகி வைத்திருந்தார். அந்தப் பழக்கம் அவருக்குத் தேவைப்படவே இல்லை. எனக்குத்தான் தேவைப்படுகிறது, எனக்கோ ஒன்றும் பழக்கமில்லை. இப்போதும் டீயை இரண்டு பேருக்குப் போட்டுவிடுகிறேன்.

எங்கள் ஊரில் துக்கம் விசாரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. சில மாதம் போனால் "தேறிட்டியா?" என்று கேட்பார்கள், "தேறிட்டேன்" என்று சொல்ல வேண்டும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் சேவூர் பஸ் நிறுத்தத்தில், எங்கள் தெருவில் தறிக்குப் பாவு நூல் சுற்றுகிற அக்கா ஒருத்தி, கையில் காய்கறிப் பையோடு, "மனசத் தேத்திகினியா மா?" என்று கேட்டாள். தேறிவிட்டேன் என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது.

"இல்லக்கா," என்றேன். "ரொம்ப வலிக்குது."

அவள் ஏற வேண்டிய டவுன் பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லு மா," என்றாள். "எங்க வலிக்குது?"