அறுப்பு நாள் இல்லாத பயிர்

புதுவாயல் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே போகும் சாலையில் எங்கள் வீடு. மூன்று பக்கமும் மதில். பின்னாலும் வலப்புறமும் ஓர் ஆலை, இடப்புறம் இன்னொரு கம்பெனியின் கிடங்கு. மதில்கள் எங்கள் கூரையைவிட உயரமானவை. காற்று வாசல் வழியாக மட்டும் வரும், அதுவும் அங்கே கன்டெய்னர் லாரி நிற்காத நேரத்தில்.

அப்பா போன பிறகு அந்த வீட்டில் அம்மாவும் நானும்தான். சென்னையில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் எனக்கு வேலை. அடுத்தவர் எழுதியதில் தப்பு பார்த்துவிட்டு ரயிலில் திரும்பி வருவேன். அண்ணன் காக்களூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். பின்னாலிருக்கும் ஆலை, லாரி நிறுத்துவதற்காக எங்கள் இடத்தைக் கேட்டபோது நாங்கள் இருவரும் சம்மதித்தோம். விற்றால் திருவள்ளூரில் ஒரு ஃப்ளாட் வாங்கலாம்; அந்த வீட்டைவிட்டு நான் வெளியேற வேறு வழி இல்லை. ஆனால் இடம் அம்மா பெயரில் இருந்தது.

அம்மா மறுக்கவில்லை. "பின்னாடி வள்ளிக்கொடி வச்சிருக்கேன். பயிர் நிக்குது. எடுத்ததும் கையெழுத்து போடறேன்" என்றாள்.

இதைவிட நியாயமாக ஒருவர் பேச முடியாது என்று நினைத்தோம். நாங்கள் நெல் போட்ட குடும்பம். வயலெல்லாம் போன பிறகும் கணக்கு நெல்லின் கணக்காகவே இருந்தது. பயிர் என்றால் அறுப்பு உண்டு, அறுத்த மறுநாள் வயல் காலி. நிற்கிற பயிரில் டேப் வைத்து அளக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இடம் வாங்குகிறவர்களும் அதை மதிப்பார்கள். ஆகவே காத்திருந்தோம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு எப்படி விளையும் என்று அண்ணனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அது ஒரே நாளில் முடிகிற பயிர் இல்லை. அம்மா மாலையில், கொடி நட மண்ணை மேடாக அணைத்த பாருக்குப் பக்கத்தில் குந்தி, வேரடி மண்ணை விரலால் தடவிப் பார்ப்பாள். பருத்த கிழங்கு இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணை மூடிவிடுவாள். கொடி ஓடுகிற இடமெல்லாம் கணுவுக்குக் கணு வேர் விடும். அப்படி விட்டால் கிழங்கு சிறுக்கும் என்று மற்றவர்கள் கொடியைத் தூக்கித் திருப்பிப் போடுவார்கள். அம்மா தூக்கவில்லை. கணுவின் மேல் ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டாள். ஒரு முனை முற்றும்போது மறுமுனை அப்போதுதான் வேர் பிடித்திருக்கும். கறுப்புத் தூசு படிந்த அந்த இலைகள் மெல்ல மெல்லப் பின்மதிலை எட்டின.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வருவான்.

"இன்னாம்மா, ஆச்சா?"

"இந்தப் பக்கம் ஆயிடுச்சி. அந்தப் பக்கம் இப்பத்தான் புடிக்குது."

"இது பெரிய பேஜாரும்மா. கம்பெனிக்காரன் போன் மேல போன் போட்டுகினு இருக்கான்."

"போடட்டும். அவன் ஊட்டு போனு."

"ஃப்ளாட்டுக்கு வந்தா லிஃப்டு இருக்குது, காத்து வருது…"

"மூணாவது மாடில நான் இன்னா பண்றது? பால்கனில குந்திகினு போற வர காரை எண்றதா? கிழங்கு வெந்துடுச்சி, துன்னுட்டுப் போ."

அவன் தின்றுவிட்டுப் போவான். நானும் தின்றேன். நல்ல இனிப்பு.

ஒரு விடுமுறை நாளில் நானே மண்வெட்டியை எடுத்தேன். அம்மா தடுக்கவில்லை. கொடியை அறுத்து ஓரமாகச் சுருட்டிப் போட்டு, பாரை ஒரு முனையிலிருந்து உடைத்துக்கொண்டே போனேன். அம்மா பின்னாலேயே வந்து கிழங்குகளைப் பொறுக்கினாள். பல கிழங்குகள் மண்வெட்டியில் வெட்டுப்பட்டு வந்தன. "பாத்து வெட்டுடி, பாதி உள்ளயே நிக்குது" என்றாள். நான் நிற்கவில்லை. மதில்வரை போனதும் திரும்பிப் பார்த்தேன். வெறும் மண். அன்றிரவு அண்ணனுக்குப் போன் செய்து, முடிந்தது என்றேன்.

அவன் உடனே வரவில்லை. ஆலைக்காக இடம் பேசிய புரோக்கருக்குக் கல்யாண வேலை, அதன் பிறகு மழை. அவர்கள் டேப்போடு வந்த காலையில், பின்பக்கம் முழுக்கச் செம்பச்சையாய்க் கொழுந்து. மண்ணுக்குள் நின்றுபோன துண்டுகள் முளைத்திருந்தன.

புரோக்கர் பழவேற்காடு சாலையில் நெல் வயல் வைத்திருக்கும் பெரியவர். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரத்திலேயே நின்றுவிட்டார்.

"பயிர் இருக்குதுன்னு சொல்லலியே நைனா."

"அது களைங்க" என்றான் அண்ணன்.

புரோக்கர் என்னைப் பார்த்தார். "நீதான வெட்னியாமே, நீ சொல்லும்மா. களையா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் வைத்ததல்ல, தானாக வந்தது, அதுவும் உண்மைதான். ஃப்ளாட்டின் சாவி அந்த ஒரு சொல்லில் இருந்தது. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"களை இல்ல. கிழங்குதான்" என்றேன்.

"அடியில புடிக்குமா?"

"புடிக்கும்."

அவர் டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எடுத்துட்டு சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிச் செருப்பை மாட்டினார். அண்ணன் பைக்கை உதைத்துக் கிளப்பினான். வாசலில் லாரி நின்றிருந்ததால் அவனால் வெளியே போக முடியவில்லை. டிரைவர் நாஷ்டா சாப்பிடப் போயிருந்தார். ஹாரனை அடித்துக்கொண்டே வெகுநேரம் அங்கேயே நின்றான்.